எழுவாய் எங்கே?

'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்துக்குத் தமிழில் எழுவாய் வெளிப்படையாக வரவேண்டியதில்லை. 'அவர் போக விரும்பினார்' என்றால் போகிறவர் அவரே. 'அவர் என்னைப் போகச் சொன்னார்' என்றால் போகிறவன் நான். பாரசீகத்திலும் 'போதல்' எனப் பொருள்படும் 'ரஃப்தன்' என்ற வடிவம் ஆளைக் காட்டாது. அயற்சொற்களும் சூழலுமே காட்டும். இலக்கணத்தில் இது சிக்கனம். இலக்கியத்திலோ சில வேளைகளில் இது மறைப்பாகிவிடுகிறது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். இதுபற்றிய நமது எழுத்துக்களில் அடிக்கடி காணும் தொடர்கள் 'வெளியேற நேர்ந்தது', 'வெளியேற வேண்டி வந்தது' என்பவையே. வெளியேறியவர் யாரென்பது தெரிகிறது. வெளியேற்றியவருக்கு இத்தொடர்களில் இடமே இல்லை. 'நேர்ந்தது' விபத்துக்குரிய வினை. 'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லோ, தாமாகவே பெயர்ந்து சென்றவர்களைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது.

அச்சம் இதற்குக் காரணமாயிருந்த காலத்தை நாம் அறிவோம். 2009இன் பின்னரும் இத்தொடர்கள் தொடருமாயின், அதற்குப் பழக்கமே காரணம் எனலாம்.

இப்பழக்கம் தீங்கற்றதன்று. எழுவாய் சொல்லப்படாத இடம் வெறுமையாக இருப்பதில்லை. அயலில் கிடைக்கும் பெயரை வாசகர் அங்கே இட்டு நிரப்பிக்கொள்கிறார். வெளியேற்றியவரை எழுத்தாளர் சொல்லாதபோது, சோனகத் தெருவின் அயலில் வாழ்ந்த தமிழர் அனைவரும் அவ்விடத்தில் வந்து நிற்கிறார்கள். கட்டளையிட்ட ஆயுத இயக்கமும், கையறு நிலையில் பார்த்திருந்த அயலவரும் ஒரே எழுவாயாகிவிடுகிறார்கள்.

1981இல் நடந்த யாழ் நூலக எரிப்பைப் பற்றிய 'புத்தரின் படுகொலை' இங்கு நோக்கத்தக்கது. அதை எழுதிய எம்.ஏ. நுஃமான், 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' தந்த மொழியியலாளரும் ஆவார். கவிதை செயப்பாட்டு வினையில்தான் தொடங்குகிறது. ஆனால், அடுத்த வாக்கியத்திலேயே, சாதாரண உடையில் வந்த அரசின் காவலர்களே கொன்றார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. பழியைச் சிங்கள மக்கள்மீது அது சுமத்தவில்லை. எழுவாயைச் சொல்வது மட்டும் போதாது, அளந்தும் சொல்லவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை இன்று எழுதுகிறது. அதன் கைக்கு எட்டுபவை நாம் புழங்கிய சொற்களே. 'புலிகள் வெளியேற்றினார்கள்' என்று எழுதுவதால் பகை வளரும் என அஞ்சுவோர் உளர். அவ்வாறு எழுதாமல் விடுவதே அயலவர்மீது வீண்பழி படியக் காரணமாகிறது.