குமரிக்கண்டமும் இராமநாதபுரக் கடற்கரைச் சான்றுகளும்: ஒரு மதிப்பீடு

குமரிக்கண்டம் என்பது இந்தியப் பெருங்கடலில் மூழ்கியதாகவும், முதல் மாந்தர் தோன்றிய இடமாகவும் கூறப்படும் நிலப்பரப்பு ஆகும். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளை அதன் எச்சமாகக் காட்டுவோர் உண்டு. இக்கட்டுரை அக்கருத்தை இக்கடற்கரைச் சான்றுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறது.

கருத்தின் தோற்றம்

இக்கருத்துக்கு இரண்டு வேர்கள் உள்ளன. ஒன்று உரையாசிரியர் மரபு. இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களையும் கடல்கோளையும் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதத் தொலைவும் 49 நாடுகளும் இருந்தன என்கிறார்.

மற்றொன்று ஐரோப்பிய விலங்கியல். மடகாசுகரிலும் இந்தியாவிலும் லெமூர் இன உறவுடைய விலங்குகள் காணப்படுவதை விளக்க, 1864 இல் பிலிப் ஸ்கிலேட்டர் 'லெமூரியா' என்ற கண்டத்தைக் கற்பித்தார். எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதை மனித இனத்தின் தொட்டிலாகக் கருதினார். தேவநேயப் பாவாணர் முதலிய தமிழறிஞர்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டனர்.

நிலவியல் நோக்கு

கண்டப் பெயர்ச்சிக் கொள்கை நிலைபெற்றபின் லெமூரியாவுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. மடகாசுகரும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்து, 8 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்தவை. இன்றைய மனித இனத்தின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளே. ஆகவே அப்பிரிவைக் கண்ட மனிதர் எவரும் இல்லை.

700 காவதத்தை அப்படியே கொள்வதும் இயலாது. ஒரு காவதம் 10 மைல் என்ற வழக்கமான கணக்கில் அது 7000 மைல் ஆகும். குமரிமுனையிலிருந்து தெற்கே அவ்வளவு தொலைவு சென்றால் தென்துருவத்தையே கடந்துவிடும்.

உண்மையில் மூழ்கிய நிலம்

கண்டம் மூழ்கவில்லை என்பதால் நிலமே மூழ்கவில்லை என்று ஆகாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. எனவே இராமநாதபுரமும் இலங்கையும் அப்போது ஒரே நிலமாக இருந்தன. ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்புதான் கடல் அவற்றைப் பிரித்தது.

அந்நிலத்தின் இருபுறமும் மனிதர் வாழ்ந்ததற்குச் சான்றுகள் உள்ளன. இலங்கையின் பாகியன்கல குகையில் 40,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. இலங்கையின் வடபகுதியில் இரணைமடுச் செம்மணல் படிவுகளிலும் கற்கருவிகள் உண்டு. இக்கரையில், இராமநாதபுரத்தை அடுத்துத் தெற்கே சாயர்புரம், மெஞ்ஞானபுரம் முதலிய தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை பிரடெரிக் சாய்னரும் பிரிஜெட் ஆல்ச்சினும் 1956 இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

தவறாகக் காட்டப்படும் சான்றுகள்

வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் 1986 முதல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வுகள் நடத்தியது. உரோமானிய நாணயங்கள், ரூலெட்டட் பானை ஓடுகள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள், கப்பல் வரைந்த ஓடு ஆகியவை கிடைத்தன. இவை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய கடல் வணிகத்துக்கு உறுதியான சான்றுகள். முதல் மாந்தருக்கான சான்றுகள் அல்ல. தமிழ்நாட்டில் மிகத் தொன்மையான மனிதச் சுவடுகள் கடலோரத் தெற்கில் அல்ல, வடக்கே அத்திரம்பாக்கத்தில்தான் உள்ளன. அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011 இல் சாந்தி பப்பு குழுவினர் கணித்தனர். அவற்றைச் செய்தவர்கள் இன்றைய மனித இனத்துக்கு முற்பட்டவர்கள். அவர்களுக்கு எம்மொழியின் பெயரையும் சூட்ட இயலாது.

மதிப்பீடு

கடல்கோள் பற்றிய மரபை வெறும் கற்பனை என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். கடல் ஊரைக் கொள்வதை இக்கரை மக்கள் அறிவர். அந்த அனுபவமே உரைகளில் பெருகி நாடுகளாகவும் ஆறுகளாகவும் விரிந்திருக்கலாம்.

குறை மரபில் இல்லை. அதை வரலாறாகவே மாணவர்க்குக் கற்பிப்பதில்தான் உள்ளது. இல்லாத கண்டத்தைத் தேடும்போது, பாக்கு நீரிணையின் அடியிலுள்ள உண்மையான நிலம் ஆராயப்படாமல் கிடக்கிறது. தேரி மணல் அள்ளப்படும் இடங்களில் கருவிகளும் அவை கிடந்த அடுக்கும் ஒருசேரக் கலைகின்றன. அடுக்கு கலைந்தபின் கல்லின் வயதை அறிய வழியில்லை. தமிழரின் தொன்மையில் அக்கறை உள்ளோர் முதலில் காக்க வேண்டியது அந்தச் செம்மணலையே.