எழுத்து என்கிற வியாபாரம்

நாவல்களில் வருகிற நாவலாசிரியர்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. காதலிக்கிறார்கள், கடற்கரையில் உலாவுகிறார்கள், நண்பர்களோடு விவாதம் செய்கிறார்கள். மேஜைமேல் காகிதங்கள் சிதறிக் கிடந்தன என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆசிரியர் அப்பால் போய்விடுகிறார். நேற்று எத்தனை பக்கம் எழுதினான், அதற்கு என்ன கிடைத்தது, அந்தப் பணம் எத்தனை நாள் வீட்டுச் செலவுக்குக் காணும் என்ற கணக்கு மட்டும் வருவதே இல்லை. இந்தக் கணக்கை முதலிலிருந்து கடைசி வரையில் கூசாமல் எழுதிய நாவல்களில் முதன்மையானது, ஜார்ஜ் கிஸ்ஸிங் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1891-ல் வெளியிட்ட 'நியூ கிரப் ஸ்டிரீட்' என்று எனக்குத் தோன்றுகிறது.

லண்டனில் கிரப் ஸ்டிரீட் என்று நிஜமாகவே ஒரு தெரு இருந்தது. கூலிக்கு எழுதுகிறவர்கள் குடியிருந்த தெரு. டாக்டர் ஜான்ஸன் 1755-ல் வெளியிட்ட தம் அகராதியில் அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லும்போது, அங்கே தயாராகும் சரக்குகளில் அகராதியையும் சேர்த்துத் தம்மையே கிண்டல் செய்துகொண்டார். 1830-ல் தெருவின் பெயரை மில்டன் ஸ்டிரீட் என்று மாற்றிவிட்டார்கள். தெருவுக்குத்தான் பெயர் மாறிற்று.

கதை சிறியது. எட்வின் ரியர்டன் என்று ஒரு நாவலாசிரியன். ஒரு நல்ல நாவல் எழுதி, 100 பவுன் வாங்கி, அந்தத் தெம்பில் ஏமி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். அதற்குப் பிறகு எழுத வரவில்லை. குழந்தை பிறந்துவிட்டது, வாடகை நிற்கவில்லை. தினமும் இத்தனை பக்கம் என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டு, மனசுக்குப் பிடிக்காத ஒரு நாவலை இழுத்து இழுத்து எழுதி முடிக்கிறான். அந்த அத்தியாயங்களைப் படிக்கும்போது எழுதுகிற தொழிலில் இருக்கிற எவனுக்கும் வயிற்றைப் பிசையும். கடைசியில் அவன் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா வேலைக்குத் திரும்பிப் போகிறான். மனைவி பிரிந்து தாயாரிடம் போய்விடுகிறாள். குழந்தை சாகிறது. அவனும் சாகிறான்.

இன்னொரு பக்கம் ஜாஸ்பர் மில்வெய்ன். இவனுக்கு மேதைமை என்று ஒன்றும் கிடையாது. அதை இவனே சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறான். சந்தை எங்கே இருக்கிறது, ஜனங்கள் இன்றைக்கு எதைக் கேட்கிறார்கள், யாரைத் தெரிந்துவைத்துக்கொண்டால் எந்தப் பத்திரிகையின் கதவு திறக்கும் என்பதுதான் இவன் படித்த படிப்பு. காலையிலிருந்து இரவு வரையில் எத்தனை கட்டுரை, எத்தனை மணி நேரம், எத்தனை கினி என்று தங்கையிடம் கணக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறான். ரியர்டனை அவன் வெறுக்கவில்லை என்பதுதான் நாவலின் நுட்பம். நண்பன் செத்த பிறகு அவனுடைய நாவல்களைப் பாராட்டி நல்ல கட்டுரை ஒன்று எழுதுகிறான். மனப்பூர்வமாகவே எழுதுகிறான். ஆனால் அந்தக் கட்டுரையே பின்னால் ரியர்டனின் விதவையைக் கல்யாணம் செய்துகொள்ள அவனுக்கு வழியாக அமைகிறது. ஏமிக்கு ஒரு உறவினர் வைத்துவிட்டுப் போன 10,000 பவுனும் அதோடு வந்து சேருகிறது.

இந்தப் பழைய நாவலை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜாஸ்பரின் தொழிலுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் நம் காலத்தில்தான் முழுசாக வந்து சேர்ந்திருக்கின்றன. 1999-ல் பிளாகர் என்ற சாதனம் வந்தது. 2003-ல் வேர்ட்பிரஸ் வந்தது. அச்சகமும் பதிப்பாளரும் தபால் தலையும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் எழுதி உலகத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று ஆயிற்று. ரியர்டன் உயிரோடு இருந்திருந்தால் இதைக் கண்டு கண்ணீர் விட்டிருப்பான். அதே 2003-ல் கூகுள் நிறுவனம் ஆட்சென்ஸ் என்ற விளம்பர ஏற்பாட்டைத் தொடங்கிற்று. எழுதுகிறவன் தன் பக்கத்தில் ஒரு கட்டம் ஒதுக்கிக் கொடுத்தால் போதும். பக்கத்தில் என்ன வார்த்தைகள் இருக்கின்றன என்று இயந்திரம் பார்த்து, அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை அங்கே கொண்டுவந்து வைக்கும். வாசகர் அதைத் தொட்டால் எழுதியவனுக்குச் சில்லறை என்பதுதான் அப்போதைய ஏற்பாடு.

இதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். பத்திரிகைகளில் நம் கதைக்குப் பக்கத்திலேயே தைல விளம்பரம் வரவில்லையா? வந்தது. ஆனால் என் கதையில் உள்ள வார்த்தைகளைப் பொறுத்துத் தைலத்தின் விலை ஏறவோ இறங்கவோ இல்லை. இங்கே அப்படி அல்ல. தாயார் இறந்த துக்கத்தை ஒருவன் எழுதினால் அந்தப் பக்கத்துக்கு விளம்பரதாரர் அதிகம் கொடுக்கமாட்டார். இன்ஷூரன்ஸைப் பற்றியோ வீட்டுக் கடனைப் பற்றியோ எழுதினால் நல்ல விலை உண்டு. யாரும் அவனை மிரட்டவில்லை, தணிக்கை செய்யவில்லை. மாதக் கடைசியில் கணக்கைப் பார்க்கும்போது தானாகவே அவனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அடுத்த மாதம் இன்ஷூரன்ஸைப் பற்றி எழுதுகிறான்.

இந்தப் போக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அமெரிக்காவின் டிமாண்ட் மீடியா என்ற கம்பெனி உதாரணம். ஜனங்கள் கூகுளில் என்ன கேட்கிறார்கள், எந்தக் கேள்விக்கு விளம்பரம் கிடைக்கும் என்று இயந்திரம் கணக்குப் போட்டுத் தலைப்பைக் கொடுக்கும். மனிதன் அந்தத் தலைப்புக்குக் கட்டுரை எழுதவேண்டும். ஒரு கட்டுரைக்குச் சுமார் 15 டாலர். 2011 ஜனவரியில் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. மறு மாதமே கூகுள் தன் தேடல் முறையை மாற்றி, இப்படிப்பட்ட பக்கங்களைக் கீழே தள்ளத் தொடங்கிற்று. கம்பெனி பிறகு தலையெடுக்கவில்லை. ரியர்டன் கட்டாயத்தின் பேரில் எழுதின மோசமான நாவலாவது அவன் மூளையில் உதித்த தலைப்போடு இருந்தது!

கிஸ்ஸிங்கின் நாவலில் வெல்ப்டேல் என்று ஒரு ஆசாமி வருகிறான். மறக்க முடியாத சிருஷ்டி. நாவல் எழுதிப் பார்த்தான், விற்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் நிலக்கடலையைத் தின்று பட்டினி கிடந்தான். (இது கிஸ்ஸிங்கின் சொந்த அனுபவம். 1877-ல் டிராய் என்ற ஊரில் அவர் அப்படிக் கிடந்திருக்கிறார்.) திரும்பி வந்தவனுக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. நாவல் எழுதத்தானே தெரியவில்லை? நாவல் எழுதுவது எப்படி என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன? எழுத ஆசைப்படுகிறவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு யோசனை சொல்ல ஆரம்பிக்கிறான். தொழில் அமோகமாக நடக்கிறது. வலைப்பூ எழுதி மாதம் லட்சம் சம்பாதிப்பது எப்படி என்று சொல்லித் தருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருடைய லட்சமும் அந்த வகுப்புக்குக் கட்டும் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. எனக்கும் வாரத்துக்கு ஒரு கடிதமாவது வந்துகொண்டிருக்கிறது, என் எழுத்தைக் கூகுளின் முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்று. என் எழுத்தில் ஒரு வரியைப் படித்த அடையாளம் எந்தக் கடிதத்திலும் இல்லை.

அதே வெல்ப்டேல்தான் பின்னால் ஒரு பத்திரிகைக்குப் புத்துயிர் கொடுக்கிறான். பெயரை 'சிட்-சாட்' என்று மாற்றுகிறான். எந்தக் கட்டுரையும் இரண்டு அங்குல நீளத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த இரண்டு அங்குலத்தையும் சின்னச் சின்னப் பாராக்களாக உடைத்துவிட வேண்டும். ரெயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று சட்டம் வகுக்கிறான். 1881-ல் ஜார்ஜ் நியூன்ஸ் தொடங்கி லட்சக்கணக்கில் விற்ற 'டிட்-பிட்ஸ்' பத்திரிகையை மனத்தில் வைத்துக்கொண்டு கிஸ்ஸிங் செய்த பரிகாசம் இது. இன்றைக்கு இணையத்தில் எழுதுவதற்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிற விதிகள் அநேகமாக இவைதாம். ரெயில் மட்டும் மின்சார ரெயிலாகியிருக்கிறது.

ஆனால் இந்த இடத்தில் கிஸ்ஸிங்கோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. வெல்ப்டேலைப் பரிகசிக்கிற சாக்கில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட ஏழை ஜனங்களையே அவர் பரிகசித்துவிடுகிறார். கால் படிப்புப் படித்த கூட்டம் என்ற அலட்சியம் அவருக்கு இருக்கிறது. அதே கூட்டத்துக்காகத்தான் டிக்கன்ஸ் மாதத் தவணைகளில் ஒரு ஷில்லிங் விலைக்கு எழுதினார். 'பிக்விக் பேப்பர்ஸ்' அப்படி 1836, 1837-ல் வெளிவந்ததுதான். அந்தத் தவணைகளின் முன்னும் பின்னும் விளம்பரத் தாள்கள் இருந்தன. டிக்கன்ஸுக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. பணம் வந்தாலே எழுத்துக் கெட்டுவிடும் என்று சொல்வதற்கில்லை. பணம் வராவிட்டால் எழுத்து நன்றாகிவிடும் என்பதும் மூடநம்பிக்கைதான். ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் தமிழுக்கு வந்தது. அதற்கு முந்தின பதினைந்து வருஷங்களில் தமிழில் வலைப்பூ எழுதியவர்கள் அந்த வழியில் காசு எதிர்பார்க்க இடமே இல்லை. அந்தக் காலத்து எழுத்தில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. காசு வாங்கி எழுதுகிறவர்களிடம் இருப்பதைப் போலவே.

பின் எங்கேதான் கெடுகிறது? எழுத்துக்குப் பணம் கொடுக்கிறவர் யார் என்பதில் இருக்கிறது விஷயம் என்பது என் அபிப்பிராயம். டிக்கன்ஸுக்கு ஷில்லிங்கைக் கொடுத்தவன் அவர் கதையைப் படிக்க விரும்பினவன். விளம்பரதாரருக்கு வேண்டியது கதை அல்ல. கதையைப் படிக்க வந்தவன். இந்த வித்தியாசம் விமரிசனத்தில் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஒரே இதழில் ஒரே நாவலைப் புகழ்ந்து ஒரு மதிப்புரையும் திட்டி ஒரு மதிப்புரையும் வெளிவந்த வேடிக்கையைக் கிஸ்ஸிங் சொல்கிறார். அது கவனக்குறைவு, சிரிக்கலாம். 1996-ல் அமேஸான் ஆரம்பித்துவைத்த தரகு முறையில், என் சிபாரிசைப் படித்துவிட்டு நீங்கள் பொருளை வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், வாங்காவிட்டால் கிடையாது. இப்படி எழுதுகிறவனிடமிருந்து திட்டி ஒரு மதிப்புரை வருமா? அவன் பொய் சொல்லவேண்டுமென்பதுகூட இல்லை. பிடிக்காததைப் பற்றி எழுதாமல் இருந்தால் போதும். காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று 2009-ல் அமெரிக்க அரசாங்கத்தின் வியாபாரக் கமிஷனே விதி செய்யவேண்டி வந்தது.

இந்தத் தொழிலில் ஜெயித்தவர்கள் கதை தோற்றவர்கள் கதையைவிடச் சிக்கலானது. ஹெதர் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பெண்மணி 2001-ல் 'டூஸ்' என்ற பெயரில் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். ஆபீஸைப் பற்றி எழுதினதால் 2002-ல் வேலை போயிற்று. அப்புறம் கல்யாணம், பிரசவம், பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒளிக்காமல், நகைச்சுவையோடு எழுதினார். அது உண்மையான எழுத்து. தாய்மையைப் பற்றிப் பத்திரிகைகள் சொல்லாததை அவர் சொன்னார். 2004-ல் விளம்பரம் ஏற்றுக்கொண்டார். குடும்பமே அதில் பிழைத்தது. கணவர் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலையே பார்த்துக்கொள்ள வந்தார். மெள்ள மெள்ள விளம்பரதாரர்களுக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை. பதிவுக்குள்ளேயே இடம் வேண்டும் என்றார்கள். பதிவு என்பதோ அவருடைய வீடும் குழந்தைகளும். 2015-ல் அன்றாடம் எழுதுவதிலிருந்து அவர் விலகிக்கொண்டார். 2023 மே மாதம் தமது 47-வது வயதில் காலமானார். அவருக்கு வேறு துன்பங்களும் இருந்தன. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது நியாயம் ஆகாது. ஆனால் ரியர்டனால் கற்பனைகூடச் செய்ய முடியாத ஒரு நிலை அவருக்கு ஏற்பட்டது. ரியர்டனுக்கு எழுத வரவில்லையென்றால் நாவல்தான் நின்றது. இங்கே வாழ்க்கையில் ஒன்றும் நடக்காவிட்டால் வருமானம் நின்றுவிடும்.

ஆண்ட்ரூ ஸல்லிவன் மாற்று வழி ஒன்றைப் பார்த்தார். 2013-ல் விளம்பரமே வேண்டாம் என்று தள்ளி, வருஷத்துக்கு 20 டாலர் என்று வாசகர்களிடமே சந்தா கேட்டார். 30,000 பேருக்குமேல் கொடுத்தார்கள். டிக்கன்ஸ் கணக்குப்படி இது நேர்மையான வழிதான். 2015-ல் அவரும் கடையைக் கட்டினார். பணத்துக்குக் குறைவில்லை, உடம்பு தாங்கவில்லை. நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது.

நாவலில் மரியன் யூல் என்று ஒரு பெண். பிரிட்டிஷ் மியூஸியத்தின் வாசகசாலையில் உட்கார்ந்து தகப்பனாருக்காகப் பழைய புத்தகங்களிலிருந்து கட்டுரை தயாரிப்பது அவள் வேலை. ஜாஸ்பர் முதலில் காதலிப்பது இவளைத்தான். இவளுக்கு வரவேண்டிய 5,000 பவுன் 1,500 ஆகச் சுருங்கின பிறகு நாசூக்காக நழுவிவிடுகிறான். ஒரு நாள் பத்திரிகையில் 'இலக்கிய இயந்திரம்' என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை உண்டாகிறது. தன்னைப் போன்றவர்களுக்குப் பதிலாகப் புத்தகம் எழுத இயந்திரமே வந்துவிட்டதோ என்று நினைக்கிறாள். விசாரித்தால் புத்தகத்தைச் சாய்வாக நிறுத்திவைக்கிற பலகை! கிஸ்ஸிங் அதை அவளுடைய அலுப்பின் எல்லையைக் காட்டுவதற்காகத்தான் எழுதினார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தப் பக்கத்தைப் படிக்கிறபோது சிரிப்பு வரவில்லை. டிமாண்ட் மீடியாவின் 15 டாலர்க் கட்டுரையை இன்று இயந்திரமே எழுதிவிடும்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்தவன் பிஃபன். 'மிஸ்டர் பெய்லி, குரோஸர்' என்று ஒரு மளிகைக் கடைக்காரனின் அன்றாட வாழ்க்கையை, சுவாரஸ்யம் என்பதே தலைகாட்டாமல் தத்ரூபமாக எழுதிவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் உழைக்கிறான். குடியிருக்கிற வீடு தீப்பற்றி எரிகிறபோது மாடிக்கு ஓடிக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு கூரைமேல் தப்பிப் போகிறான். அந்த நாவலை யாரும் சீந்தவில்லை. அவனை மகான் ஆக்காமல் கொஞ்சம் கோமாளியாகவும் காட்டியிருப்பதில்தான் கிஸ்ஸிங்கின் திறமை தெரிகிறது. ரியர்டனிடம் அந்தத் தூரம் அவருக்கு வாய்க்கவில்லை. ரியர்டன் புலம்பும்போது ஆசிரியரும் கூடச் சேர்ந்து புலம்புகிறார். ஏமியிடமும் அவர் முழு நியாயம் காட்டவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்டவள்மேல் என்ன தப்பு?

புத்தகம் இப்போதும் கிடைக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் நடுப்பகுதியில் பத்திரிகாசிரியர்களின் சண்டைகள் வருகிற இடத்தைத் தாராளமாகப் புரட்டிக்கொண்டு போகலாம். அந்தக் காலத்து வாடகை நூல்நிலையங்களுக்கு நாவல் என்றால் மூன்று வால்யூம் இருந்தாக வேண்டும். அந்த வழக்கத்தால் ரியர்டன் அவதிப்படுகிறான். அவனைப் படைத்தவரும் மூன்று வால்யூம் நிரப்பித்தான் 150 பவுனுக்கு விற்றார். நிரப்பின இடங்கள் எவை என்பது படிக்கிறபோதே தெரிகிறது.