ஃபாடுஸில் நிற்காமல் போங்கள்

சூரிச்சிலிருந்து ஆஸ்திரியா பக்கம் போகும் சுற்றுலா பஸ்கள் வழியில் ஃபாடுஸில் நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒரு நினைவு முத்திரை, மேலே பாறையில் தெரியும் கோட்டையோடு ஒரு போட்டோ, ஒரு காபி. இரண்டு மணி நேரத்தில் லீக்டன்ஸ்டைன் முடிந்துவிடும். அப்படிப் போய் வந்தவர்கள், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த நாடு இருப்பது அதன் ஊர்களில். பஸ் அவர்களை அங்கே இறக்கிவிடவே இல்லை.

ஊர்கள் மொத்தம் பதினொன்று. நாட்டின் பரப்பு 160 சதுர கிலோமீட்டர், நீளம் சுமார் 25 கிலோமீட்டர், மக்கள் 40,000 பேர் அளவில். மேற்கு எல்லை நெடுக ரைன் ஆறு, அதற்கு அக்கரையில் சுவிட்சர்லாந்து. கிழக்கே மலை, மலைக்குப் பின்னால் ஆஸ்திரியா. சுவிஸில் உறவினர் இருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு பகல் தூரம்தான்: ரயிலில் சார்கன்ஸ் வரை வந்து, இளம்பச்சை நிற பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். தலைநகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது.

ஃபாடுஸில் இறங்கினால் கோட்டைக்கு ஏற வேண்டாம். அது இளவரசர் குடும்பம் வசிக்கும் வீடு, உள்ளே விடமாட்டார்கள். எதிர்த்திசையில், ஆற்றை நோக்கி நடங்கள். அங்கே 1901இல் கட்டிய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 135 மீட்டர் நீளம், மேலே கூரை. இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டுமே வழி. உள்ளே நுழைந்ததும் வெயிலில் கண் கூசுவது நின்று, பலகை மேல் நம் காலடிச் சத்தமும் கீழே தண்ணீரின் இரைச்சலும் மட்டும் கேட்கும். பாலத்தின் நடுவில் இரண்டு நாடுகளின் எல்லை. அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, கரைமேட்டில் நின்று கிழக்கே பாருங்கள். நாடு முழுவதையும் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் இதுதான்.

முதலில் ஆறு, பிறகு கரை, பிறகு சமதளமாக வயல். அதற்கப்பால் மலையடிவாரத்தில் வரிசையாக ஊர்கள், அவற்றின் தலைமாட்டில் திராட்சைத் தோட்டம், மேலே காடு, உச்சியில் வெறும் பாறை. இவ்வளவு வயல்வெளி இருக்க, பழைய ஊர்கள் ஏன் மலையடிவாரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன? இந்தச் சமதளம் ஒருகாலத்தில் சதுப்பு, ரைன் பெருகினால் வெள்ளக்காடு. மலையோ மழைக்காலத்தில் கல்லும் சேறுமாக இறக்கித் தள்ளும். அந்தச் சேற்றுப் பெருக்கை உள்ளூர்க்காரர்கள் 'ரூஃபெ' என்கிறார்கள். அது நூற்றாண்டுகளாக அடிவாரத்தில் கொண்டுவந்து கொட்டி, விசிறி மாதிரி மேடு போட்டிருக்கிறது. ஆற்றுக்கும் ரூஃபெக்கும் இடையில் கிடைத்த மேட்டில்தான் மனிதர்கள் குடியேறினார்கள். 1927 செப்டம்பரில் ஷான் ஊரின் ரயில் பாலத்தருகே கரை உடைந்து, வடக்குச் சமவெளி தண்ணீரில் மூழ்கியது. ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் பழைய தேவாலயம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெள்ளம் எட்டாத உயரத்தை அது காட்டும்.

அடுத்து, ஒரு தையலைத் தேட வேண்டும். இது ஒரே நாடாகப் பிறந்ததல்ல. லீக்டன்ஸ்டைன் வம்சத்தார் 1699இல் வடக்கே ஷெல்லென்பெர்க் பகுதியையும், 1712இல் தெற்கே ஃபாடுஸ் பகுதியையும் விலைக்கு வாங்கினார்கள். 1719இல் புனித ரோமப் பேரரசர் இரண்டையும் சேர்த்து ஒரு சமஸ்தானமாக்கி, வாங்கியவர்களின் பெயரையே அதற்கு வைத்தார். பேரரசின் சபையில் ஆசனம் கிடைக்க நிலம் தேவைப்பட்டது, அதற்காகத்தான் வாங்கினார்கள். நூறு வருடத்துக்குக் கிட்டத்தட்ட அந்தக் குடும்பத்தில் யாரும் இங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொண்டன. அந்தத் தையல் இன்றும் தெரிகிறது. 25 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் தெற்கத்தி ஆறு ஊர்களுக்கு 15 இடம், வடக்கத்தி ஐந்து ஊர்களுக்கு 10 இடம். 2003இல் திருத்திய அரசியல் சட்டம், எந்த ஊரும் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி நாட்டைவிட்டு விலக வழி வைத்திருக்கிறது. பத்து வருடம் அங்கே வசித்த வெளிநாட்டவர் குடியுரிமை கேட்டால், அவர் வசிக்கும் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ஊர்தான் ஆளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு ஊர் எல்லைப் பலகையும் வேறு மாதிரி தெரியும்.

தெற்குக் கோடியில் பால்ட்ஸர்ஸ். சமவெளியில் தனியாக எழும் பாறைமேட்டின் மேல் குட்டென்பெர்க் கோட்டை. கோட்டையைப் பார்த்துவிட்டு ஊர்த்தெருவுக்கு இறங்கி, பழைய வீடுகளின் சுவர்களையும் பாருங்கள். 1795இல் பால்ட்ஸர்ஸ் தீப்பிடித்து எரிந்தது. எரிந்த வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கு மக்கள் மேலே பாழடைந்து கிடந்த கோட்டையிலிருந்து கல் எடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, எகோன் ரைன்பெர்கர் என்ற சிற்பி அந்தக் கோட்டையை மறுபடி கட்டி எழுப்பினார். இப்போது மேலே கோட்டையும் இருக்கிறது, அதன் பழைய கல் ஊருக்குள்ளும் இருக்கிறது.

ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் என்றால் நான் ட்ரீசென்பெர்கைச் சொல்வேன். பரப்பில் பதினொன்றில் பெரியது இதுதான். ஃபாடுஸிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு திருப்பத்திலும் ரைன் பள்ளத்தாக்கு கீழே இறங்கிக்கொண்டே போகும். ஊர் வந்துவிட்டதா என்று சந்தேகம் வரும், ஏனென்றால் ஊர் ஒரு இடத்தில் இல்லை. கீழே இருக்கும் ஊர்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். இங்கே சரிவு முழுக்க ஒன்றுக்கொன்று எட்டி எட்டி, ஒவ்வொரு வீடும் தன் புல்வெளியின் நடுவில் நிற்கிறது. 1300 வாக்கில் சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியிலிருந்து மலை மலையாகக் கடந்து வந்த வால்சர் மக்கள் இப்படித்தான் குடியேறினார்கள். அடிவாரத்தின் நல்ல நிலம் முன்பே பிறர் கையில் இருந்தது, இவர்களுக்குக் கிடைத்தது செங்குத்து. இந்தச் சரிவில் காய்ந்த புல்லைத் தூரத்துக்குச் சுமக்க முடியாது. அதனால் புல் இருக்கும் இடத்திலேயே வீடும் தொழுவமும்.

பழைய வால்சர் வீடு ஒன்றின் அருகில் போய் நில்லுங்கள். அடியில் கல், மேலே மரம். வெயில் படும் பக்கத்துச் சுவர் கருகியதுபோல் கறுத்திருக்கும், படாத பக்கம் சாம்பல் நிறத்தில் வெளுத்திருக்கும். மூலையில் உத்தரங்கள் ஒன்றையொன்று கடித்துப் பிடித்திருக்கும் இடத்தில் விரலை வைத்தால், மரத்தின் ரேகை தட்டுப்படும். பிறகு பேச்சைக் கேளுங்கள். ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஏழு நூற்றாண்டு கழித்தும் ட்ரீசென்பெர்கில் வால்சர் பேச்சுதான். இதை அடிவாரத்து ஊர்க்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மேலே மசேஷாவில் ஒரு சிறு கோயில் இருக்கிறது. அதன் புனிதர் தியோடூல், வாலே பகுதியின் புனிதர். புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் சாமியைக் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். மசேஷா, மல்பூன், காஃப்லை போன்ற இங்குள்ள இடப்பெயர்கள் ஜெர்மன் காதுக்கே அந்நியமானவை. ஜெர்மன் வருவதற்கு முன் இந்த மலையில் பேசப்பட்ட ரொமான்ஷ் மொழியின் மிச்சம் அவை.

மதியம் சாப்பிட கேஸ்க்னொஃப்லே கேளுங்கள். தளர்ந்த மாவைப் பூந்திக் கரண்டி மாதிரியான ஓட்டைப் பலகை வழியே கொதிநீரில் தேய்த்து விட்டு, வெந்ததும் பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் சேர்ப்பார்கள். தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல்.

பிளாங்கென், ஐந்நூறு பேர் அளவில் வாழும் ஊர், மக்கள்தொகையில் மிகச் சிறியது. பெயருக்குப் பொருளே சரிவு. இந்த ஊரைக் காலால் பார்ப்பதற்கு முன் வரைபடத்தில் பாருங்கள்: ஊர் ஒரு இடத்தில், அதன் காடும் மேய்ச்சலும் பிற ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாக. முன்பு பொதுவில் இருந்த மலைநிலத்தை ஊர்கள் பங்கு பிரித்துக்கொண்டபோது விழுந்த கோடுகள் அவை. ஒரு காலத்தில் மாட்டுக்கு எவ்வளவு புல் வேண்டியிருந்தது என்பதை அந்த வரைபடம் சொல்கிறது.

வடக்கே போனால் மலை விலகி, வானம் அகலமாகும். நடுவில் எஷ்னர்பெர்க் என்ற தனிக் குன்று, அதைச் சுற்றியும் அதன் மேலுமாக ஐந்து ஊர்கள். ஷெல்லென்பெர்கில் 1518இல் மரத்தால் கட்டிய பீடர்மன் வீடு இன்றும் இருக்கிறது. அதே ஊரில் ஒரு நினைவுக்கல்லும் உண்டு. 1945 மே மாதத் தொடக்கத்தில், ஜெர்மன் தரப்பில் போரிட்ட ரஷ்யர்கள் சுமார் ஐந்நூறு பேர் ஒரு இரவில் இந்த எல்லையைத் தாண்டி வந்து தஞ்சம் கேட்டார்கள். சோவியத் அதிகாரிகள் வந்து கேட்டும், விருப்பமில்லாத ஒருவரையும் லீக்டன்ஸ்டைன் திருப்பி அனுப்பவில்லை. 1868இலேயே ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு அது. அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் நிற்காமல் வராதீர்கள். மே கடைசியில் போனால் ருகெல் சதுப்பில் நீல ஐரிஸ் பூக்கள் பூத்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து 430 மீட்டர், நாட்டிலேயே தாழ்வான இடம் அது.

நடக்க முடிந்தவர்கள், நாட்டின் 300ஆம் ஆண்டான 2019இல் திறந்த 75 கிலோமீட்டர் நடைவழியில் பதினோரு ஊர்களையும் தொட்டுவிடலாம். அவசரப்படாமல் நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்று கேட்டால், செப்டம்பர். கோடை முழுவதும் மலை மேய்ச்சலில் இருந்த மாடுகள் அப்போதுதான் இறங்கும். மாட்டைப் பார்க்கும் முன்பே மணிச்சத்தம் வந்துவிடும், கனமான, ஒரே கதியில்லாத சத்தம். பிறகு வளைவில் முதல் மாடு தெரியும். பூவும் ரிப்பனும் சூட்டிய அதன் நெற்றியில், வண்ணம் தீட்டிய மர இதயம் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் அந்த இதயத்தைக் கழற்றித் தொழுவத்தின் வாசலில் மாட்டுவார்கள். போன வருடத்து இதயம், அதற்கும் முந்தைய வருடத்தது என்று வரிசையாக இருக்கும். பழசில் சாயம் மங்கி, மரம் மட்டும் தெரியும்.