கரிசல் வட்டார அரசியலாய்வில் இணையத் தரவுகளின் நம்பகத்தன்மை: கோவில்பட்டிச் சட்டமன்றத் தொகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரசியல் அறிவியல் பயில்வோர்க்கும் ஆய்வோர்க்கும் இன்று இணையத்தில் தரவுகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றுள் நம்பத்தக்கவை எவை என்னும் வினாவிற்குத் தளங்களின் பட்டியலொன்றே விடையாகத் தரப்பட்டு வருகின்றது. கோவில்பட்டிச் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு அவ்விடை போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. பிழையற்ற தரவும், அது பதிவுசெய்யாத ஒன்றிற்குச் சான்றாகக் காட்டப்படும்போது பிழையான முடிவிற்கே இட்டுச்செல்லும் என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: கரிசல் வட்டாரம், கோவில்பட்டி, தேர்தல் தரவு, இணையச் சான்று, நம்பகத்தன்மை, தொகுதி மறுவரையறை.

முன்னுரை

அரசியல் கோட்பாடுகளையும் இந்திய அரசமைப்பையும் கற்பதற்கு இணையத்தில் தரமான பொருண்மைகள் உள்ளன. அரசமைப்பு நிருணய அவை விவாதங்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. நடுவணரசின் ஸ்வயம், இ-பிஜி பாடசாலை ஆகியவை பல்கலைக்கழக நிலைப் பாடங்களை வழங்குகின்றன. தமிழ்வழி பயில்வோர்க்குத் தமிழ்நாடு அரசின் மேனிலை வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல்கள் மின்னூல்களாகக் கிடைக்கின்றன. இவற்றைப் பயன்படுத்துவதில் பெரும் இடர் இல்லை.

இடர் வட்டார அரசியலில் தொடங்குகின்றது. கோவில்பட்டியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஏழு முறை வென்றது எவ்வாறு என்று ஒரு மாணவர் வினவினால், மேற்கூறிய பாடங்களுள் எதுவும் அவருக்கு விடை தருவதில்லை. அவர் தேடுபொறியையே நாடுகின்றார். அங்கு அவர் காண்பன யாவை, அவற்றைக் கொண்டு அவர் எவ்வளவு தூரம் செல்ல இயலும் என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1. பெயர் மாற்றமும் தேடலும்

இந்தியத் தேர்தல் ஆணையம் 1951-52 முதலான தேர்தல்களின் புள்ளியியல் அறிக்கைகளை இணையத்தில் வெளியிட்டுள்ளது. தேர்தல் முடிவுகளுக்கு இவையே முதன்மைச் சான்றுகள். ஆயினும் இவற்றை அடைவதற்கு ஆய்வாளர் முதலில் பெயர்களின் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும். 1967 வரையிலான அறிக்கைகள் மதராஸ் என்னும் பெயரிலேயே உள்ளன. தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969இல் ஆதலின், அப்பெயரால் தேடுபவர்க்கு முதல் நான்கு தேர்தல்கள் அகப்படுவதில்லை.

மாவட்டப் பெயரும் இத்தகையதே. கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் சிதம்பரனார் மாவட்டம் தோன்றியது. 1997இல் அது தூத்துக்குடி மாவட்டம் எனப் பெயர் மாறியது. தூத்துக்குடி மக்களவைத் தொகுதியோ 2008ஆம் ஆண்டின் மறுவரையறைக்குப் பின்னரே உருவாகி, 2009இல் முதல் தேர்தலைக் கண்டது. ஊர்ப்பெயரும் ஆங்கில ஆவணங்களில் 'கோயில்பட்டி', 'கோவில்பட்டி' என இருவகை ஒலிப்பிற்கேற்ப வேறுபட எழுதப்பட்டுள்ளது. 2020 சூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டுச் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றதும் இங்கு நினைக்கத்தக்கது. தேடலில் ஒன்று கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு அஃது இல்லை என முடிவுசெய்யும் போக்கு, இத்தகைய பெயர் வேறுபாடுகளை அறியாமையால் விளைவதாகும்.

2. தொகுதி என்னும் அலகு

கோவில்பட்டி என்னும் தொகுதிப்பெயர் நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகின்றது. அதன் எல்லை அவ்வாறு தொடரவில்லை. 1976, 2008 ஆகிய ஆண்டுகளின் மறுவரையறை ஆணைகள் தொகுதி எல்லைகளைத் திருத்தியமைத்தன. எனவே 1967இன் கோவில்பட்டியையும் 2011இன் கோவில்பட்டியையும் ஒரே வாக்காளர் தொகுப்பாகக் கொண்டு வாக்கு விழுக்காட்டை ஒப்பிடுதல் முறையாகாது. இணையத்தில் பரவலாகக் காணப்படும் 'இதுவரை வென்றோர்' என்னும் பட்டியல்கள் இவ்வெல்லை மாற்றத்தைச் சுட்டுவதில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம். அவ்வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதனால் தோன்றும் தொடர்ச்சி உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இதனினும் அடிப்படையான சிக்கல் ஒன்றுண்டு. கரிசல் ஒரு நில அலகு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை, சங்கரன்கோவில் என அது தூத்துக்குடி, விருதுநகர், தென்காசி ஆகிய மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கின்றது. அரசின் தரவுத்தளங்கள் மாவட்டம், வட்டம், தொகுதி என்னும் நிருவாக அலகுகளையே அறியும். மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் பருத்தி ஆலைகளும் இணைத்துவைத்த ஒரு வாழ்வுப் பரப்பைக் கி. ராஜநாராயணனின் புனைகதைகளும் அவர் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியும் ஓர் அலகாகக் கண்டன. இலக்கியம் கண்ட இவ்வலகைத் தரவுத்தளத்தில் தேடுபவர், அதனைத் தாமே வட்டம் வட்டமாகக் கூட்டியமைத்துக்கொள்ள வேண்டியவராகின்றார்.

3. எண்கள் உணர்த்துவனவும் உணர்த்தாதனவும்

1967, 1971, 1977, 1980, 1989 ஆகிய ஐந்து தேர்தல்களில் சோ. அழகர்சாமி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் கோவில்பட்டியில் வென்றார். 1996, 2001 ஆகிய தேர்தல்களிலும் அக்கட்சியே வென்றது. 2006 முதல் 2021 வரை நான்கு தேர்தல்களில் அ.இ.அ.தி.மு.க. வென்றது. இவ்வளவும் ஆணையத்தின் அறிக்கைகளில் ஐயமின்றிக் கிடைப்பன. இவற்றைக் கொண்டு 'கோவில்பட்டி பொதுவுடைமைக் கோட்டை' என்று எழுதுதல் எளிது. அவ்வாறு எழுதுவதும் வழக்கமாகியுள்ளது.

ஆணையத்தின் அட்டவணையில் வேட்பாளரின் கட்சிக்கு இடமுண்டு. அக்கட்சி சேர்ந்திருந்த அணிக்கு இடமில்லை. 1971இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தி.மு.க. அணியிலும், 1980இல் அ.இ.அ.தி.மு.க. அணியிலும், 1996இல் தி.மு.க. - த.மா.கா. அணியிலும், 2001இல் மீண்டும் அ.இ.அ.தி.மு.க. அணியிலும் இருந்தது. இவ்வெற்றிகளுள் கட்சியின் சொந்த வலிமை எவ்வளவு, அணியின் வாக்கு எவ்வளவு என்பதனை அட்டவணையிலிருந்து பிரித்தறிதல் இயலாது.

1967ஆம் ஆண்டு வெற்றி இவற்றினின்றும் வேறானது. அத்தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தி.மு.க. அணிக்கு வெளியே நின்றது. மாநிலம் முழுவதிலும் அக்கட்சி வென்ற இடங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று கோவில்பட்டி. வட்டாரத்தின் சொந்த அரசியல் வலிமை பற்றிய வினாவிற்கு, ஏனைய ஆறு வெற்றிகளையும்விட இவ்வொரு வெற்றியே மிகுதியான பொருள் தருவது. ஏழு வெற்றிகளையும் நிகராக வைத்து எண்ணும் பட்டியல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது. அணி விவரத்தை அக்கால நாளிதழ்கள், கட்சி ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து ஆய்வாளரே சேர்த்துக்கொண்டாலன்றி இஃது அவர் கண்ணிற்படுவதில்லை.

அண்மைக்காலத் தேர்தல்களில் நிலை சற்று மேம்பட்டுள்ளது. 2016இல் கோவில்பட்டியில் வெற்றி வேறுபாடு 428 வாக்குகள் மட்டுமே. 2021இல் அதே வேட்பாளர் 12,403 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார், இரண்டாமிடம் அ.ம.மு.க.விற்குச் சென்றது. இத்தகைய மாற்றங்களை ஆராய்வதற்குத் தொகுதி மொத்தம் போதாது. வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தரும் படிவம் 20 இன்றியமையாதது. அதனை மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரின் தளம் வெளியிடுகின்றது. வேட்பாளரின் சொத்து, கல்வி, குற்றவழக்கு ஆகியவற்றை சனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் மைநேத்தா தளம் தொகுத்தளிக்கின்றது. எனினும் அவை வேட்பாளர் தாமே அளித்த உறுதிமொழி ஆவணத்தின் செய்திகள். 'அறிவித்த சொத்து' என்று எழுதவேண்டிய இடத்தில் 'சொத்து' என்று எழுதும் ஆய்வேடு, தளம் கூறாத ஒன்றைத் தளத்தின் பெயரால் கூறியதாகின்றது.

4. தேர்தலுக்கு வெளியே உள்ள அரசியல்

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் தமிழகத்தை உலுக்கிய விவசாயிகள் போராட்டத்தின் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு, 1984 டிசம்பரில் கோவில்பட்டியில் காலமானார். மின்கட்டணம், கடன் தள்ளுபடி ஆகியவற்றை முன்வைத்த அவ்வியக்கத்தின் வீச்சைத் தேர்தல் அட்டவணையில் காண இயலாது. அதனைச் சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகளிலும் நாளிதழ்ப் பக்கங்களிலும் இயக்கத் துண்டறிக்கைகளிலும் தேடுதல் வேண்டும். இத்தகைய தமிழ்ப் பக்கங்கள் வெறும் படங்களாக வருடப்பட்டு, எழுத்துணரிக்கு உட்படாமல் இருக்குமாயின், இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தும் தேடுபொறிக்குப் புலப்படா. எளிதில் தேடக் கிடைக்கும் தேர்தல் எண்களே வட்டாரத்தின் முழு அரசியலாகத் தோற்றமளிப்பதற்கு இது காரணமாகின்றது.

பழைய நிகழ்வுகளில் சான்றின் நோக்கும் கருதத்தக்கது. 1895ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலவரத்தை ஆராய்வோர், எச்.ஆர். பேட் தொகுத்து 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியை இணைய ஆவணகத்தில் எளிதாகப் பெறலாம். அது காலனிய நிருவாகத்தின் குரல். இராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய நூல் அரசியலறிஞரின் பார்வை. 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பூமணியின் 'அஞ்ஞாடி' அந்நிகழ்வை மக்களின் நினைவுவழி அணுகும் புதினம். காப்புரிமை நீங்கியமையால் முதலாவது எளிதில் திரையில் விரிகின்றது. எளிமையாகக் கிடைப்பதே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பட்டால், ஆய்வாளர் தம்மையறியாமலே நிருவாகியின் பார்வையை ஏற்றவராகின்றார்.

5. ஆய்வேடுகளும் இதழ்களும்

முனைவர் பட்ட ஆய்வேடுகளை வழங்கும் சோத்கங்கா தொகுப்பு ஆய்வாளர்க்குப் பெரும் துணை. ஆயினும் ஓர் ஆய்வேட்டின் பிழை அடுத்த ஆய்வேட்டில் மேற்கோளாகி, மூன்றாவதில் உண்மையாக நிலைபெறுதற்கும் அதுவே வழியமைக்கின்றது. தொகுப்பில் இடம்பெற்றுள்ளமை பட்டம் பெற்றமைக்குச் சான்று. அதிலுள்ள ஒவ்வொரு செய்திக்கும் சான்றன்று.

இதழ்களைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழு தன் 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு உயர்கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது. பட்டியலில் உள்ளதா என்று பார்த்து நம்பகத்தன்மையை முடிவுசெய்த காலம் இதனால் முடிவிற்கு வந்துள்ளது. நெறியாளரும் ஆய்வாளரும் கட்டுரையைப் படித்து, அதன் சான்றுகளைப் பின்தொடர்ந்து மதிப்பிட வேண்டிய கடமை மீண்டும் அவர்களிடமே வந்து சேர்ந்துள்ளது.

சான்றுகளைப் பேணுதலும் இக்கடமையின் பகுதியே. தேர்தல் ஆணையத்தின் தளமுகவரி மாறியபோது பழைய ஆய்வேடுகளில் தரப்பட்ட இணைப்புகள் பல பயனற்றுப் போயின. தரவைக் கண்ட நாளைக் குறித்தலும், ஆவணத்தின் படியைச் சேமித்தலும், இணைய முகவரியோடு அறிக்கையின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தருதலும் பின்வரும் ஆய்வாளர் சரிபார்ப்பதற்கு இன்றியமையாதன.

முடிவுரை

கோவில்பட்டித் தொகுதிக்கு மிக நம்பகமான இணையச் சான்று தேர்தல் ஆணையத்தின் அறிக்கையே. அதனை மட்டும் கொண்டு எழுதப்படும் கோவில்பட்டி அரசியல் வரலாறு, எல்லை மாற்றத்தையும் அணி மாற்றத்தையும் மக்கள் இயக்கங்களையும் தவறவிட்டுவிடும். ஆதலின் ஒரு சான்றை யார், எந்நோக்கிற்காக, எந்த அலகில், எப்பெயரில் பதிவுசெய்தனர், அது விட்டுவைத்தது யாது என்னும் வினாக்களோடு அணுகுதல் வேண்டும். இவ்வினாக்களை வகுப்பறையிலேயே பயிற்றுவிப்பதற்குத் தத்தம் தொகுதியின் தேர்தல் வரலாற்றை மாணவர்க்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம். கரிசல் வட்டாரக் கல்லூரிகள் தம் பகுதியின் துண்டறிக்கைகளையும் சங்க ஆவணங்களையும் தேடத்தக்க தமிழ் எழுத்துருவில் இணையத்தில் ஏற்ற முற்படுமாயின், 1967இல் கோவில்பட்டி தனித்து நின்றது ஏன் என்னும் வினாவிற்கு விடை காண வருங்கால ஆய்வாளர்க்கு வழி பிறக்கும்.