சுத்தியல் அடிக்குத் தப்பிய ஒட்டு

அலுமினிய ராடு விற்பவர்களின் வீடியோக்களில் ஒரே காட்சிதான். கையடக்க கேஸ் டார்ச்சால் உடைந்த துண்டைச் சூடாக்கி ராடைத் தேய்க்கிறார்கள். ஆறியதும் சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார்கள். ஒட்டு அசையவில்லை. இனி ஆர்கான் வெல்டிங் எதற்கு என்கிறார்கள். அந்த அடி எதை நிரூபிக்கிறது?

முதலில் பெயர். 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் ராடால் இணைத்தால் பிரேசிங். அதற்குக் கீழே என்றால் சால்டரிங். இந்த ராடுகளில் பல, 380 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும் துத்தநாகக் கலவை. உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் இது சால்டரிங்தான்.

பெயர் கிடக்கட்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் தோலாகப் படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். சுரண்டினாலும் காற்றுப் பட்டதும் மறுபடி படரும். ஓர் இணைப்பு முறை இந்தத் தோலை என்ன செய்கிறது என்பதே என் அளவுகோல். துத்தநாக ராடுக்கு, அந்தத் தோலைக் கரைக்கும் ஃப்ளக்ஸ் கிடையாது. உருகிய குழம்புக்கு அடியில் எஃகு பிரஷாலோ ராடு நுனியாலோ தோலைக் கிழிக்க வேண்டும். கிழித்த இடத்தில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பிரஷ் எட்டாத தகட்டு இடுக்கிலும், குழாய்க்குள் குழாய் செருகிய இடத்திலும் குழம்பு தானாக ஊறி இறங்காது. பிரேசிங்கின் உயிரே அந்த ஊறல்தான்.

12 சதவீதம் சிலிக்கான் உள்ள 4047 ராடு அப்படி ஊறும், பொட்டாசியம் ஃப்ளூரோ அலுமினேட் ஃப்ளக்ஸ் துணையிருந்தால். இந்த ஃப்ளக்ஸ் 565 டிகிரிக்குப் பக்கத்தில் உருகித் தண்ணீராய்த் தெளியும். மெக்கானிக்குக் கிடைக்கும் தெர்மாமீட்டர் அதுதான். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது, சட்டென்று சரிந்துவிடும். பழைய குளோரைடு ஃப்ளக்ஸைக் கழுவாமல் விட்டால் உலோகத்தை அரிக்கும். இதற்கு அந்தக் குணம் இல்லை. கார் ரேடியேட்டரின் அத்தனை இணைப்புகளையும் நைட்ரஜன் உலையில் ஒரே சூட்டில் முடிப்பது இதை வைத்துத்தான்.

சிக்கல் ராடும் அலுமினியக் கலவையும் உருகும் சூடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில். 4047 முழுதாக உருகுவது 582 டிகிரியில். 3003 தகடு 640 தாண்டித்தான் இளகும். 6061 இளகத் தொடங்குவதே 582-இல். சிலிக்கானும் செம்பும் கலந்த பைக் எஞ்சின் கேஸ் அதற்கும் முன்பே இளகும். அங்கே துத்தநாக ராடின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

சுத்தியலுக்கு வருவோம். அது காட்டுவது புது ஒட்டின் ஒரு நிமிடத்தை. மாதக்கணக்கான அதிர்வையோ ஈரத்தையோ அல்ல. தவிர, 6061-டி6 உலோகத்தின் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். சூட்டில் முழுதாகப் பதமிழந்தால் ஏறத்தாழ 125. ஒட்டு தப்பியது பக்கத்து உலோகம் வலுவிழந்து வளைந்துகொடுத்ததாலும் இருக்கலாம். ஆர்கானிலும் இந்த வலுவிழப்பு உண்டு. ஆனால் சூடு குறுகிய இடத்தில் நிற்கும், ஏசி கரண்டில் ஆர்க்கே ஆக்சைடை உடைத்துவிடும்.

ஏர்கண்டிஷனர் குழாய் ஓட்டைக்கு 4047-உம் ஃப்ளக்ஸும், கை பழகியவரிடம். எஞ்சின் கேஸில் பாரம் விழாத விரிசல் என்றால், எண்ணெய் போகக் கழுவியபின் துத்தநாக ராடு போதும். ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்டு என்று ஆள் பாரம் ஏறும் எதையும் ஆர்கான் கடைக்கே கொண்டுபோங்கள்.