காலி மனையில் விளம்பரப் பலகை: ஒரு சொடுக்கின் உண்மை விலை

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் சாலையோரமாக ஒரு காலி மனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் வீடு இல்லை, கடையும் இல்லை. உரிமையாளர் நான்கு விளம்பரப் பலகைகளை மட்டும் நட்டிருக்கிறார். பலகையைப் பார்த்து ஒருவர் கடைக்குள் நுழைந்தால், தலைக்கு இவ்வளவு என்று கடைக்காரர் அவருக்குக் காசு கொடுக்க வேண்டும். இணையத்தில் இத்தகைய தொழில் ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதனால் யாருக்கு என்ன பயன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

இணையத்தில் ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு பெயர் உண்டு. அதை ‘டொமைன்’ என்பர். ஆண்டுக் கட்டணம் செலுத்தி யாரும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். பெயரை மட்டும் வாங்கிவிட்டுத் தளம் எதுவும் அமைக்காமல் போட்டு வைத்தால் அது ‘நிறுத்தி வைத்த பெயர்’. அங்கே செல்பவருக்குச் செய்தியோ படமோ கிடைக்காது; விளம்பர இணைப்புகளின் வரிசை ஒன்றே தெரியும். அவற்றில் ஒன்றைச் சொடுக்கினால் விளம்பரதாரர் பணம் கட்டுவார். இடையிலுள்ள நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பெயரின் உரிமையாளருக்குத் தரும்.

சொடுக்குக்கு ஏலம் கேட்கும் முறையை 1998-ஆம் ஆண்டு பரவச் செய்தது, அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய ‘கோடூ’ நிறுவனம். கூகுள் 2002-இல் அம்முறையைக் கைக்கொண்டது. 2004-ஆம் ஆண்டு இறுதியில் ‘மார்செக்ஸ்’ என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அடங்கிய ஒரு தொகுப்பை ஏறத்தாழ 16.4 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வெறும் பெயர்களுக்கா இத்தனை பணம் என்று நீங்கள் வியக்கலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு பெயருக்கு ஆண்டுக் கட்டணம் 800 ரூபாய் என்று கொள்வோம். வருபவர் நூறு பேரில் ஐவர் சொடுக்குகிறார்கள். ஒரு சொடுக்குக்கு உரிமையாளர் கைக்கு வருவது இரண்டரை ரூபாய் என்போம். அப்படியானால் ஒரு வருகையின் மதிப்பு பன்னிரண்டரைக் காசு. கட்டணத்தை மீட்கவே ஆண்டுக்கு 6,400 பேர், அதாவது நாளுக்குப் பதினேழு பதினெட்டுப் பேர் வர வேண்டும். ஒன்றுமில்லாத தளத்தைத் தேடி நாள்தோறும் அத்தனை பேர் வருவார்களா? பெரும்பாலான பெயர்களுக்கு வரமாட்டார்கள். சில பெயர்களின் வருமானமே மற்றவற்றின் நட்டத்தை ஈடுகட்ட வேண்டும்.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். அக்காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவருக்கு முத்தும் கிடைக்கலாம், வெறும் சதையும் கிடைக்கலாம். ஆனால் குளிப்புக்கு முன்பே பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பெயர் வணிகர்களும் இத்தகைய மாதிரிச் சோதனை செய்தார்கள், ஆனால் செலவில்லாமல்! பதிவு செய்த ஐந்து நாட்களுக்குள் பெயரைத் திருப்பிக் கொடுத்தால் கட்டணம் இல்லை என்றொரு விதி இருந்தது. லட்சக்கணக்கில் பெயர்களை எடுத்து, எதில் சொடுக்கு விழுகிறது என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் திருப்பினார்கள். பெயர்களை நிர்வகிக்கும் ‘ஐகான்’ அமைப்பு 2008, 2009 ஆண்டுகளில் இதற்குக் கட்டணம் விதித்தது. அதன்பின் இப்பழக்கம் பெரும்பாலும் ஓய்ந்தது. இலவசம் போனதும் ஆசையும் போனது என்றால், அந்தச் சொடுக்கின் மதிப்பு எவ்வளவு சொற்பம் என்பது விளங்குகிறதல்லவா?

வருபவர் யார்?

வருபவர்கள் மூன்று வகை. தேடாமல் ‘முத்து’, ‘உப்பு’ போன்ற பொதுச் சொல்லைத் தாமே தட்டிப் பார்ப்பவர் ஒரு வகை. முன்பு இயங்கிக் காலாவதியான தளத்தின் பழைய இணைப்பைப் பிடித்து வருபவர் இன்னொரு வகை. எழுத்துப் பிழையாகத் தட்டியவர் மூன்றாம் வகை.

மூன்றாம் வகை தமிழர்களாகிய நமக்கு முக்கியமானது. மாப்பிள்ளையூரணியை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘பி’ ஒன்றா இரண்டா? ‘எல்’ எத்தனை? பத்துப் பேர் நாலைந்து விதமாக எழுதுவார்கள். தூத்துக்குடிக்கோ ‘டூட்டிகோரின்’ என்ற பழைய வடிவமும் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணையிட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. எழுத்து நிலைபெறாத பெயர்களில் பிழை வருகை பெருகும். பிறர் உழைத்துத் தேடிய நற்பெயர், பிழையாக எழுதியவர் வழியாகக் காலி மனைக்காரரின் பைக்குள் விழும்.

சட்டமும் இதைக் கவனித்துள்ளது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் ‘சிஃபி’ பெயரை ஒத்த பெயரை வேறொரு நிறுவனம் பயன்படுத்திய வழக்கில், டொமைன் பெயருக்கு வணிகச் சின்னத்தின் தன்மைகள் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004 மே 6 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் பொதுச் சொல்லை வாங்கி வைப்பது குற்றமன்று. ஆகவே எல்லாப் பெயர் வணிகரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமாகாது.

எதை அளக்க வேண்டும்?

‘சொடுக்கு விழுந்தால்தானே பணம்? விளம்பரதாரருக்கு நட்டம் எங்கே?’ என்று இத்தொழிலை ஆதரிப்போர் கேட்பார்கள். கேள்வி நியாயம்போல் தோன்றும். ஆனால் அறிவியல் முறையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த விளம்பரம் இல்லாதிருந்தால் அவர் கடைக்கு வந்திருக்க மாட்டாரா?

உரம் இட்ட வயலின் விளைச்சலை மட்டும் பார்த்து உரத்தின் பயனைச் சொல்ல முடியாது; உரமிடாத வயலும் பக்கத்தில் வேண்டும். ‘ஈபே’ நிறுவனம் 2012-இல் இத்தகைய சோதனையைச் செய்தது. தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. அந்த வருகை ஏறத்தாழ முழுவதும் இலவச இணைப்பு வழியே வந்து சேர்ந்துவிட்டது! எப்படியும் வரவிருந்தவருக்கே அதுவரை காசு கொடுத்திருக்கிறார்கள். பிழையாகத் தட்டியவரும் அத்தகையவரே. அவர் ஏற்கனவே உங்கள் கடையைத் தேடித்தான் புறப்பட்டார். நடுவழியில் ஒருவர் சுங்கம் வாங்குகிறார்.

2024, 2025 ஆண்டுகளில் கூகுள், நிறுத்தி வைத்த பெயர்களிலிருந்து விளம்பரதாரர்களைத் தானாகவே விலக்கத் தொடங்கியது. வேண்டும் என்பவர் தாமே கேட்டுச் சேர வேண்டியதாயிற்று. காலம் கடந்து வந்தாலும் இது சரியான மாற்றமே.

கருவாடோ உப்போ விற்க இணையத்தில் விளம்பரம் கொடுக்க எண்ணும் வாசகர்களே! சொடுக்குகளை மட்டும் எண்ணி மகிழ வேண்டாம். அவை எந்தத் தளங்களிலிருந்து வந்தன என்ற பட்டியலைக் கேளுங்கள். சில வாரம் விளம்பரத்தை நிறுத்தி விற்பனையை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தளப்பெயரின் ஆண்டுக் கட்டணத்தையும் தவறாமல் கட்டி வாருங்கள். தவறினால் நீங்கள் வளர்த்த பெயர் நாளை வேறொருவரின் விளம்பரப் பலகையாகிவிடும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் 1973-ஆம் ஆண்டு நம் அறிவியலாளர்கள் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை விளைவித்துக் காட்டினார்கள். பெயரும் ஒரு சிப்பியே. உள்ளே பயனுள்ள ஒன்றை வைத்துக் காத்தால் முத்து விளையும்; வெறும் ஓட்டைப் பரப்பி வைத்தால் வழிப்போக்கரின் காலைத்தான் கிழிக்கும்.