தளபதி, அப்புறம் எம்.எல்.ஏ.

2022 மார்ச் 19இல் மல்லு சுவராஜ்யம் மறைந்தபோது தேனி, கம்பம் பக்கம் என் காதில் விழுந்த அஞ்சலிப் பேச்சுகள் எல்லாம் ஒரே தடத்தில் ஓடின. துப்பாக்கி ஏந்தினார், அப்புறம் அரசியலுக்கு வந்தார். அதென்ன ‘அப்புறம்’? இந்தச் சொல்லாடலை ஏற்றால் 1946 முதல் 1951 வரை தெலங்கானாவில் நடந்தது அரசியலே இல்லை என்றாகிறது. சுந்தரய்யா தன் நூலில் தரும் கணக்குப்படி சுமார் 3,000 கிராமங்களில் மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டார்கள், 10 லட்சம் ஏக்கர் பங்கிடப்பட்டது. வெட்டி வேலை நின்றது. நிலத்தை அளந்து கொடுத்த கிராமக் கமிட்டிதான் அங்கே சட்டமன்றம். துப்பாக்கி அதற்குக் காவல் நின்றது, அவ்வளவே. 1978இலும் 1983இலும் துங்கதுர்த்தி தொகுதியில் ஜெயித்த சுவராஜ்யம், உண்மையில் ஒரு பெரிய சபையிலிருந்து சின்ன சபைக்குப் போனார் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்தச் சின்ன சபைக்கும் யாரால் போக முடிந்தது? நிஜாம் அரசு அவர் தலைக்கு 10,000 ரூபாய் விலை வைத்தது, காட்டில் ‘ராஜக்கா’ என்ற பெயரில் இயங்கினார். தியாகத்தில் குறையில்லை. ஆனால் பிறந்தது நல்கொண்டாவின் நிலவுடைமைக் குடும்பம். அண்ணன் பீமிரெட்டி நரசிம்ம ரெட்டி போராட்டத் தளபதி, பின்னால் எம்.பி. கணவரும் கட்சித் தலைவர். ஸ்த்ரீ சக்தி சங்கடனா 1986இல் தெலுங்கில் கொண்டுவந்த வாய்மொழி வரலாற்று நூலில் சுவராஜ்யத்தின் குரலோடு வேறு குரல்களும் இருக்கின்றன. தலைமறைவில் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட நேர்ந்த கமலம்மா, போராட்டம் வாபஸ் ஆனதும் ‘வீட்டுக்குப் போங்கம்மா’ என்று அனுப்பப்பட்ட பெண்கள். எந்த வீட்டுக்கு? தளபதி என்ற தன்னிலையை மட்டும் பொறுக்கியெடுக்கும் வாழ்க்கை வரலாறு இவர்களைப் பின்னணி வாத்தியமாக்கிவிடுகிறது. (எழுபதுகளைத் தாண்டியும் பெண்களோடு தெருவில் நின்ற சுவராஜ்யமே இதை ரசித்திருக்க மாட்டார்.)

நம்மூரிலும் இதே வாசிப்புதான். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலையேறிப் பாடியதைப் பெருமையாகச் சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை அந்தப் பெருமைக்குள் எங்கே வைத்திருக்கிறோம்? 2015 செப்டம்பரில் அதே மலையில், மூணாறில், தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். இடதுசாரிச் சங்கத் தலைவர்களையும் சேர்த்தே தள்ளி நிற்கச் சொன்னார்கள். தோழர்கள் பலரிடமிருந்து நான் கேட்ட முதல் கேள்வி, ‘இவுங்களுக்குப் பின்னாடி யாரு இருக்கா?’ பொம்பளைங்க தாங்களாவே உட்காருவாங்க என்பது எந்தக் கோட்பாட்டிலும் வரவில்லை போல. அந்த நவம்பரில் அவர்களில் சிலர் உள்ளாட்சித் தேர்தலில் நின்று வென்றார்கள். இனி இவர்களையும் ‘அரசியலுக்கு வந்தவர்கள்’ என்று எழுதிவிடுவோம். சாலையில் உட்கார்ந்திருந்த நாட்களை என்ன பெயரில் எழுதுவது?